திறக்க முடியாத கல்லறை வேண்டாம்: பாளையங்கோட்டை வட்டாரக் கல்லறைக் கட்டுமான சேவைகள், ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டை, திருநெல்வேலி வட்டாரத்தில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பங்கள் கல்லறை கட்ட இன்று மூன்று வழி இருக்கிறது. பங்குக் கல்லறைத் தோட்டத்தில் வழக்கமாக வேலை பார்க்கும் கொத்தனாரைப் பிடிப்பது ஒன்று. டைல்ஸ் ஒட்டுபவரிடம் கொடுப்பது இன்னொன்று. அளவெடுப்பதிலிருந்து எழுத்து வெட்டி நிறுத்துவது வரை மொத்தமாக எடுத்துச் செய்யும் கிரானைட் கடை மூன்றாவது. மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறோம். இன்னும் 15, 20 வருடத்தில் இதே குழியைக் குடும்பத்தில் இன்னொருவருக்காகத் திறக்க வேண்டி வந்தால், உடைக்காமல் திறக்க முடியுமா?

மண் காயும் முன்னே அடுத்த அடக்கத்தைப் பேசுவதா என்று சிலருக்கு மனசு உறுத்தும். உறுத்த வேண்டியதில்லை. 'செமிட்டரி' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் துயிலிடம் என்றுதான் பொருள். உயிர்ப்பு வரைக்கும் படுத்திருக்கும் இடம் அது. பட்டா போட்டு வாங்கிய மனை அல்ல. பழைய ரோமில் நகர எல்லைக்குள் புதைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஊருக்கு வெளியே சாலையோரங்களில் மென்பாறையைக் குடைந்து, சுரங்கச் சுவரில் அடுக்கடுக்காக மாடம் வெட்டி, உடலை வைத்து, ஓட்டாலோ சலவைக்கல்லாலோ வாயை மூடினார்கள். பிற்பாடு வேதசாட்சிகளின் கல்லறைமேல் கோயில் எழும்பியது. அந்தக் கோயிலடியிலேயே அடங்க எல்லாரும் ஆசைப்பட்டார்கள். கோயிலைச் சுற்றி ஊர் பெருத்தபோது நெருக்கடி தொடங்கிற்று.

அந்த நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பாரிஸ் சாட்சி. மாசில்லாக் குழந்தைகள் பெயரில் இருந்த கல்லறைத் தோட்டம் நிரம்பி வழிந்து, 1780இல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் சரிந்தது. தோட்டத்தை மூடினார்கள். 1786 முதல் எலும்புகளை நகருக்கு அடியிலிருந்த பழைய, கல் வெட்டியெடுத்த சுரங்கங்களுக்கு வண்டி வண்டியாக மாற்றினார்கள். 1804இல் வந்த சட்டம் குழியின் ஆழம் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை என்று வைத்தது, ஒரு குழியை 5 வருடத்துக்குள் மறுபடி திறக்கக்கூடாது என்றது. நம் ஊரில் குழி வெட்டுபவர் சொல்லும் ஐந்து, ஆறு அடிக் கணக்கும் இதற்குள்தான் அடங்குகிறது.

சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளை மெட்ராஸ் செமிட்டரீஸ் போர்டு நடத்துகிறது. அங்கே இடநெருக்கடியால், குடும்பத்துக்கு ஏற்கெனவே இருக்கும் குழியைத் திறந்து அடக்கம் செய்வது பழகிவிட்டது. மும்பைப் பங்குகளில் சில வருடம் கழித்து எலும்பை எடுத்துச் சுவர் மாடத்தில் வைக்கிறார்கள். ரோமின் மாடம் திரும்பி வந்தது போலத்தான். திருநெல்வேலி 1994இல் மாநகராட்சியானது. ஒருகாலத்தில் ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று வாங்கிப்போட்ட தோட்டங்களின் காம்பவுண்டுச் சுவரை இன்று வீடுகள் ஒட்டி நிற்கின்றன. சுவர் இனி நகராது. ஆகவே திறந்து மூடக்கூடிய கல்லறைதான் இந்த ஊருக்கு இனி நல்ல கல்லறை.

இனி சேவைகள். கிரானைட் கடையிலிருந்து தொடங்கலாம், பணம் அதிகம் போவதும் தவறு அதிகம் நடப்பதும் அங்கேதான்.

கடைக்காரர் முதலில் காட்டும் மாடல் பெரும்பாலும் 7 அடிக்கு 3 அடிப் பெட்டி. நான்கு பக்கமும் செங்கல் எழுப்பி, உள்ளே கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பி, மேலே 20 மில்லிமீட்டர் கறுப்புப் பலகையை ஒரே துண்டாகப் போட்டு, சுற்றிலும் சிமென்ட்டாலோ எபாக்சிப் பசையாலோ இறுக்கிவிடுவார்கள். பார்க்கக் கம்பீரம். கணக்கைப் பாருங்கள். அந்தக் கறுப்புக் கல் ஒரு சதுர அடிக்குச் சுமார் ஐந்தரைக் கிலோ. 21 சதுர அடிக்கு 115 கிலோவுக்கு மேல் வரும். 'கனமான கல்' என்று 40 மில்லிமீட்டரில் போட்டால் இரண்டு மடங்கு. இறுக்கி ஒட்டிய அந்தப் பலகையை முழுசாகக் கழற்ற முடியாது. அடுத்த அடக்கத்தன்று, உடல் வீட்டில் இருக்கும்போது, சம்மட்டியால் உடைப்பார்கள். பெயர் வெட்டிய கல் இரண்டாகும்.

அதே கடையில், அதே கல்லில், கேட்டால் செய்துதரக்கூடிய மாற்று இது. மேல் பலகையை மூன்றரை அடிக்கு 3 அடியாக இரண்டு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 60 கிலோவுக்குள் நிற்கும், நான்கு பேர் கயிறு கொடுத்துத் தூக்கிவிடலாம். பக்கச் சுவரின் உள்விளிம்பில் 2 அங்குலப் படி விட்டு, பலகை அதன்மேல் உட்கார வேண்டும். இணைப்பில் சிலிகான் மட்டும் போதும், கத்தியால் கீறினால் விட்டுவிடும். பெயர்க்கல் தலைமாட்டில் தனியாக நிற்கட்டும், மூடியில் பெயர் வேண்டாம். உள்ளே இடிபாடு கொட்ட விடாதீர்கள், மண்ணே போதும். இதற்குக் கடைக்காரர் பெரிதாகக் கூடுதல் பணம் கேட்க ஒரு காரணமும் கிடையாது. வெட்டும் கூலி கொஞ்சம் ஏறும், அவ்வளவே. இதைச் சொன்னதும் புரிந்துகொண்டு படம் போட்டுக் காட்டுகிற கடை நல்ல கடை. 'இதெல்லாம் நிக்காது சார்' என்று ஒரே வாயில் முடிக்கிற கடையை விட்டு வந்துவிடுங்கள்.

கல் தேர்விலும் ஒரு விஷயம். வெள்ளைக் கிரானைட்டில் சில வகைகளில் இரும்புச்சத்துள்ள செம்மணிக் கல் ஊடே இருக்கும். மழைநீர் ஊறி ஊறி இரண்டாம் மூன்றாம் வருடம் துருக்கறை போல மஞ்சள் பூக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சலவைக்கல் இன்னும் மோசம். எலுமிச்சை, புளி, கழிவறை ஆசிட் எது பட்டாலும் அரிக்கும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஆசிட் ஊற்றிக் கழுவிச் சலவைக்கல்லைக் கெடுத்தவர்கள் ஏராளம். கறுப்புக் கல்லே இந்த வெயிலுக்கும் மழைக்கும் தோது.

கல்லை விட முக்கியம், கல்லறையைத் தாங்க அடியில் சுற்றிலும் வரும் பெல்ட் கான்கிரீட். குழி நிரப்பிய மண் இளகிய மண், சுற்றியிருப்பது வெட்டாத கெட்டி நிலம். பெல்ட்டின் பாதி இதன்மேலும் பாதி அதன்மேலும் உட்கார்ந்தால் ஒரு மழைக்காலத்தில் வாய் பிளக்கும். மாடம் சாய்வது, பலகை நடுவில் விரிவது, சிலுவை ஒரு பக்கம் குனிவது எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். பெல்ட் குழியின் விளிம்பைத் தாண்டிக் கெட்டி நிலத்தில் முழுசாக உட்கார வேண்டும். 9 அங்குல அகலம், 6 அங்குல உயரம், நான்கு 10 மில்லிமீட்டர் கம்பி. பக்கத்துக் கல்லறை நெருங்கி இருந்து அந்த அகலம் கிடைக்கவில்லை என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சவப்பெட்டியின் மூடி உளுத்து உள்ளே இறங்கும், மண் அமுங்கும். ஒரு முழு மழைக்காலம் கடந்தபின் கட்டுவதே சரி. 'முப்பதாம் நாள் பூசைக்குள் முடித்துத் தருகிறோம்' என்பது விற்பனைப் பேச்சு. அதுவரை மண்மேடும் மரச்சிலுவையும் இருந்தால் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மண்ணுக்கு மண் இதுவும் மாறும். பாளையங்கோட்டைப் பக்கம் சரள் கலந்த செம்மண் வந்தால் பெல்ட் நன்றாகத் தாங்கும். கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசலில் மண் மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும், பெல்ட்டுக்குக் கீழே ஓர் அடி ஆற்றுமணலோ கிராவலோ போட்டுக் கெட்டித்தால்தான் நிற்கும். திசையன்விளை, சாத்தான்குளம் தேரி மணலில் குழி வெட்டும்போதே பக்கம் சரியும், பலகை கொடுத்து வெட்ட வேண்டும். உவரி, மணப்பாடு போன்ற கடலோரப் பங்குகளில் எதிரி உப்பு. கான்கிரீட் சிலுவைக்குள் போகும் கம்பியைச் சுற்றி ஓர் அங்குலமாவது பூச்சு இல்லையென்றால் கம்பி துருப்பிடித்து ஊதி, கை வேறு தண்டு வேறாகப் பிளந்துவிடும். அங்கே ஒரே கல்லில் வெட்டிய சிலுவை வாங்குங்கள். இணைப்பு தவிர்க்க முடியாதென்றால் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு ஆணி போடச் சொல்லுங்கள். சாதாரண எஃகு கடற்காற்றில் நிற்காது.

டைல்ஸ் வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பான விட்ரிஃபைட் டைல் நீர் உறிஞ்சாது, சிமென்ட் பால் அதைப் பிடிக்காது. தனிப் பசை போட்டு ஒட்டினாலும் கத்திரி வெயிலில் விரிந்து ஐப்பசி மழையில் சுருங்கி, மூலையிலிருந்து கழன்று விழும். திறக்கும்போது ஒரு டைல்கூடத் தேறாது. திரு இருதயப் படம் அச்சடித்த டைல் காலடியில் உடைந்து கிடப்பதைப் பார்ப்பதும் நல்லதல்ல. வேண்டாம்.

கொத்தனார் வேலைக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பு பலரும் நினைப்பதைவிட அதிகம். ஒன்றரை அடி உயரச் செங்கல் கட்டு, மெல்லிய பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. அவரே திறப்பார், அவரே மூடுவார், ஒரே நாளில் முடியும். குறை இரண்டு. வருடாவருடம் வெள்ளையடிக்க வேண்டும். கொத்தனார்கள் மீந்து கிடக்கும் சிமென்ட்டை எல்லாம் பூச்சில் போட்டுத் தடிமனாக்கிவிடுவார்கள். அரை அங்குலம் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்கைந்து பேருக்கு ஒரே இடம் என்று குடும்பம் முடிவெடுத்தால், பங்கு அனுமதித்தால், செங்கல் அறை கட்டுவது நல்லது. உள்ளளவு ஏழரை அடி நீளம், 3 அடி அகலம். சுவர் 9 அங்குலம். மூடிக்கு ஓர் அடி அகலம், 3 அடி 8 அங்குல நீளம், 3 அங்குலத் தடிமனில் கான்கிரீட் பலகை எட்டு. ஒன்று ஏறத்தாழ 62 கிலோ, கொக்கி இரண்டு வைத்து வார்த்தால் இரண்டு பேர் தூக்கலாம். அறையின் அடியில் கான்கிரீட் போடக்கூடாது. இதை மறந்தால் கட்டியது கல்லறை அல்ல, தண்ணீர்த் தொட்டி. கார்த்திகைக்குள் நிரம்பி நிற்கும், நீரில் ஊறும் உடல் மட்காது. அடி மண்ணாகவே இருக்கட்டும், மேலே அரை அடி மணல்.

திறப்பு நன்றாக அமைய, உள்ளே என்ன இறக்குகிறோம் என்பதும் சேர்ந்துதான். சவப்பெட்டிக் கடையில் இதைக் கேட்பவர் குறைவு. பிளாஸ்டிக் உறை, ரெக்சின் மெத்தை, பாலியெஸ்டர் துணி எல்லாம் அப்படியே கிடக்கும். பருத்தி வேட்டி, பருத்திச் சேலை, லேசான மரப்பெட்டி, இவை மண்ணோடு மண்ணாகும். ஆஸ்பத்திரியிலிருந்து உறையோடு வந்த உடலை உறையைக் கழற்றாமல் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். தொற்று காரணமாக ஆஸ்பத்திரி தடுக்காத பட்சத்தில் கழற்றிவிட வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் உடல் பதப்படுத்தப்பட்டது, பெட்டிக்குள் துத்தநாகத் தகடும் இருக்கலாம். அந்தக் குழி மற்றக் குழிகளைவிட மிக நெடுங்காலம் திறக்கத் தகுதியாகாது. அடக்கத்தன்றே கோயில் பணியாளரான கோயில்பிள்ளையிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும்.

சுண்ணாம்பு கொட்டினால் சீக்கிரம் மட்கும் என்பதும் தவறு. பாளையங்கோட்டைப் பேராலயத்தின் பாதுகாவலரான புனித சவேரியார் 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தபோது, எலும்பை மட்டும் எடுத்துப்போகலாம் என்று பெட்டியில் சுண்ணாம்பு நிரப்பினார்கள். இரண்டரை மாதம் கழித்துத் திறந்தபோது உடல் அழியாதிருந்தது. விசுவாசிகள் அதை அருளடையாளமாகப் போற்றுகிறார்கள். நம் குழிகளைப் பொறுத்தவரை, சுண்ணாம்பு நாற்றத்தைக் குறைக்கும், மட்குவதைத் தாமதப்படுத்தும். தேவையில்லை.

எழுத்து வேலை. லேசர் கறுப்புப் பாலிஷ் கல்லில் மட்டும் எடுபடும், மேல்தோலை மட்டுமே சுரண்டும். படம் வரைய நல்லது, பெயருக்கு ஆகாது. மணல் பீச்சி வெட்டும் சாண்ட்பிளாஸ்டில் 3 மில்லிமீட்டர் ஆழம் கேளுங்கள். பெயின்ட் உதிர்ந்தாலும் விரலால் தடவிப் பெயரைப் படிக்க முடிய வேண்டும், அதுதான் சோதனை. தங்க நிறப் பெயின்ட் சில வருடத்தில் மங்கும். மறுபடி பூசுவது எளிது. புகைப்படம் வேண்டுமென்றால் சூளையில் சுட்ட பீங்கான் படம். கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் பிரின்ட் வெயிலில் வெளிறிவிடும்.

தமிழ் எழுத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பும் யூனிகோடு எழுத்தைக் கடையின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். 'ஜோசப்' என்பதில் கொம்பு ஒருபக்கமும் கால் இன்னொருபக்கமுமாகப் பிரிந்துபோகும். கல்லில் வெட்டியபின் திருத்த வழி கிடையாது. உண்மை அளவில் காகிதத்தில் அச்செடுத்து, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியே படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின்தான் வெட்டச் சொல்ல வேண்டும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கும் கடையில், 'கொ' ஒரு எழுத்தா மூன்றா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வசனத்திலும் கவனம் வேண்டும். இந்த வட்டாரத்தில் புராட்டஸ்டன்ட் சி.எஸ்.ஐ. சபையார் நிறைந்திருப்பதால் கடைகளின் மாதிரிக் கற்களில் பழைய மொழிபெயர்ப்பு வசனங்களே அதிகம். யோவான் 11:25ஐ 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்று வைத்திருப்பார்கள். கத்தோலிக்கக் கோயிலில் வாசிப்பது 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே'. இரண்டும் ஒரே வசனம்தான், தவறு ஒன்றுமில்லை. ஆனாலும் இறந்தவர் வாழ்நாள் முழுக்கக் காதால் கேட்ட சொல் அவர் தலைமாட்டில் இருப்பதே முறை. 'நித்திய இளைப்பாற்றி' என்ற பழைய மன்றாட்டுச் சொல்லைக் கேட்டால் வெட்டித் தருகிறார்கள்.

எதற்கும் முன்னால் பங்குத்தந்தையின் அனுமதி எழுத்தில் வேண்டும். திருச்சபைச் சட்டம் 1241 பங்குகள் சொந்தக் கல்லறைத் தோட்டம் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. உயரம், அகலம், திறப்பு இடைவெளி எல்லாம் பங்குக்குப் பங்கு மாறும். கடைக்காரர் 'அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்' என்றால் அனுமதிக் கடிதத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். தலைக்கட்டு வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டி ரசீது வாங்குங்கள். மாநகராட்சியில் இறப்பைப் பதிய 21 நாள் கெடு, அதைக் கடையோ பங்கோ செய்து தராது. தகனம் செய்ய விரும்பும் குடும்பத்துக்கு 1963 முதல் திருச்சபைத் தடை இல்லை. ஆனால் சாம்பலை வீட்டில் வைக்கவோ ஆற்றில் கரைக்கவோ கூடாது என்று 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒன்றரை அடிச் சதுரக் குழியோ சுவர் மாடமோ கட்டித் தரும் வேலையைக் கடைகள் இப்போதே கற்றுக்கொள்வது நல்லது. கடைகள் காட்டும் மாடல்களில் இப்படி ஒன்றுகூட இல்லாதது குறைதான்.

தோட்டத்தில் குழிக்கான இடம் வரிசைப்படி வரட்டும், சாதிப்படி வேண்டாம். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவரை 1910இல் இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்த சுவர் அதற்கு நூறு வருடம் கழித்தும் பேச்சாக இருந்தது. உயிர்ப்புக்காகக் காத்திருக்கும் இடத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் படுக்க மறுப்பது, அந்த இடத்தின் பொருளையே மறுப்பது. 'உங்க ஆளுக பக்கம்' என்று இடம் பார்த்துத் தருவதாகச் சொல்லும் எந்தச் சேவைக்கும் எங்களிடம் மதிப்பெண் இல்லை.

காலம் பார்த்து வேலை கொடுங்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 ஐப்பசி அடைமழையில் விழுகிறது. அக்டோபர் கடைசி வாரத்தில் எல்லாக் கொத்தனாரும் ஒரே தோட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு, குருவானவர் வந்து கல்லறையை மந்திரிக்கும் முன்னே வழிந்துவிடும். கட்டுமானம் மாசி முதல் வைகாசிக்குள், பெல்ட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டு. வெள்ளையடிப்பு புரட்டாசியில். கடையிடம் பேசும்போது பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். கல் தேர்ந்தெடுத்ததும் ஒரு பங்கு, நிறுத்தியதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கு அடுத்த மழைக்காலம் முடிந்து, மூடிப் பலகை இரண்டையும் கடை ஆட்களே ஒருமுறை தூக்கித் திரும்ப வைத்துக் காட்டிய பிறகு.